மூடிய கடலில் ஆறு கூண்டுகள்

நகோரோவுசா
12 மே 1997

அழுகிய நண்டுக்கு,

உறுதியானதை முதலில் எழுதுகிறேன். எங்கள் தலைவர் நேற்று, ஞாயிறு காலை, தூக்கத்திலேயே இறந்துவிட்டார். சொன்னவர் நர்ஸ் கம்லேஷ்னி. பக்கத்தில் இருந்தவர் அவர்தான். அடுத்த தலைவர் யார், யார் கண்ணில் நீர் வரவில்லை, யார் பன்றியை ஒளித்துவைத்தார்கள் என்பதெல்லாம் ஊர்ப்பேச்சு. அதை எழுத மாட்டேன்.

இன்னொன்றும் உறுதி. தம்பு போட்டுக் கடலை மூடிவிட்டார்கள். எரோனி சித்தப்பா, தலைவரின் பேச்சாளர் என்ற முறையில், இன்று காலை கோயில் வாசலில் நின்று அறிவித்தார். பெரிய பாறையிலிருந்து ஆற்று வாய் வரை, நூறாம் இரவு கழியும்வரை யாரும் மீன் பிடிக்கக் கூடாது, குளிக்கக் கூடாது, கால்கூட நனைக்கக் கூடாது. அதாவது ஆகஸ்ட் பத்தொன்பது வரை. பாறையில் மூங்கில் நட்டு ஓலை கட்டியாயிற்று. படகு வரும் பக்கம் மட்டும் திறந்திருக்கிறது.

நம் ஆறு சிப்பிக் கூண்டுகளும் மூடிய பக்கத்தில் இருக்கின்றன.

பிப்ரவரியில் நீ ஈரச் சாக்கில் பொதிந்து கொண்டுவந்த வசுவாச் சிப்பிக் குஞ்சுகள் அப்போது கட்டைவிரல் நகம் அளவு. இப்போது பெரும்பாலானவை இரண்டு விரல் அகலம். ஐந்தாம் வகுப்பும் ஆறாம் வகுப்பும் சேர்த்து இருபத்து மூன்று பிள்ளைகள். ஆளுக்கு ஒரு வரிசை. தென்னை ஈர்க்கை ஒடித்து ஒவ்வொரு சிப்பியையும் அளக்கிறார்கள். வாரம் ஒருமுறை வற்றத்தில் இறங்கி, கம்பிவலையில் படிந்த பாசியைத் தேய்த்து, உள்ளே புகுந்த நத்தைகளைப் பொறுக்குகிறார்கள். இந்த வருடம் நான் நடத்திய கடல் பாடம் இதுதான். மற்றதெல்லாம் பலகையில் எழுதி அழித்தது.

டிசம்பர் விடுமுறைக்குள் பிழைத்திருப்பவற்றைப் பவளத் திட்டில் விடலாம் என்று சொல்லியிருக்கிறேன். இந்தப் பிள்ளைகள் பிறந்ததிலிருந்து எங்கள் திட்டில் ஒரு வசுவாகூடக் கிடையாது. வெளிநாட்டுப் படகுகள் வாரிப் போனது உனக்குத் தெரியும்.

பராமரிப்பு இல்லாமல் எத்தனை நாள் தாங்கும்? உனக்குத் தெரிந்ததை மட்டும் எழுது. நம்பிக்கை வார்த்தை வேண்டாம்.

கம்லேஷ்னி இந்தக் கடிதத்தின் முதல் வரியை எட்டிப் பார்த்துவிட்டார். "யாரை டீச்சர் இப்படித் திட்டறீங்க?" என்றார்.

"என் தௌவு. அவன் ஊரும் எங்க ஊரும் ஒரே மூதாதை வழி. அதனால பார்த்தா திட்டணும். அவன் வீட்டுல எது இருந்தாலும் கேக்காம எடுத்துக்கலாம். அவனும் இங்க வந்து எடுத்துக்குவான். ரெண்டு பேரும் கோவிச்சுக்கக் கூடாது."

"எங்க லம்பாசால இதுக்கு போலீஸ் வரும்" என்றார்.

தலைமையாசிரியர் பதவி இன்னும் காலி. அந்த வேலையும் என் தலையில். இறந்தவர் எனக்குப் பெரியப்பா முறை. நேற்றிலிருந்து துக்க வீட்டுச் சமையல், இன்று பகலில் பள்ளி. களைப்பாக இருக்கிறது, பெதெலி.

விலிமைனா

*

பொரிப்பகம்
21 மே 1997

கரையில் உருண்டு கிடக்கும் நெற்றுத் தேங்காய்க்கு,

உன் தலைவர் போனதற்கு வருந்துகிறேன். இது ஒரு வரிதான் மரியாதை. இனி கிடையாது.

கேட்டதற்குப் பதில். இரண்டு வாரம் ஒன்றும் ஆகாது. நான்கு வாரத்தில் பாசி வலையை மூடும், வெளிச்சம் குறையும், சிப்பி சோர்ந்துவிடும், ஆனால் சாகாது. அதற்குப் பிறகு நத்தைதான் எமன். உள்ளே மணல் அளவாகப் புகுந்து அங்கேயே வளரும். சிப்பி வாயைத் திறக்கும் நேரம் பார்த்துத் தும்பிக்கையை விட்டு உறிஞ்சும். கொழுத்த நத்தை ஒன்று போதும், ஒரு வரிசையைக் காலி செய்ய. நூறு நாள் பார்க்காமல் விட்டால் என்ன மிஞ்சும் என்று கேட்டால், நான் இங்கே பார்த்தவரை, ஓடுகள்.

கூண்டை இடம் மாற்றவும் கடலில் இறங்கித்தானே ஆக வேண்டும். எரோனியிடம் யங்கோனா வேரைக் காணிக்கையாக வைத்து அனுமதி கேள். கூண்டு இருக்கும் இடத்துக்கு மட்டும், உன் வகுப்புக்கு மட்டும். இல்லை என்றால் இல்லை.

எனக்கு என்ன கவலை? தம்பு உங்களுக்குத்தான். நான் தௌவு. என்னைக் கேட்டால், நேராகக் கடலுக்குள் நடந்து போய், உங்கள் சிப்பி, உங்கள் மீன், உங்கள் தலைவரின் பன்றி எல்லாவற்றையும் வாரிக்கொண்டு, பாறையில் உட்கார்ந்து உங்கள் மூஞ்சியைப் பார்த்துக்கொண்டே தின்பேன். ஒருவரும் வாய் திறக்க முடியாது. இதைப் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டு, சிரிக்கட்டும்.

இங்கே மின்னாக்கி வாரத்தில் பாதி நாள் நின்றுவிடுகிறது. தொட்டித் தண்ணீரை வாளியால் மாற்றுகிறோம். என் முழங்கால் இரண்டும் போய்விட்டது. வேலை செய்யும் இளைஞர்கள் என்னைத் 'தாத்தா' என்கிறார்கள். எனக்கு நாற்பத்தெட்டுதான் என்று நீ அவர்களுக்கு ஒரு வரி எழுது.

பெதெலி

*

நகோரோவுசா
2 ஜூன் 1997

பல்லில்லாத சுறாவுக்கு,

உறுதியானது: அனுமதி இல்லை. எரோனி சித்தப்பா வாயாலேயே சொன்னார். சனிக்கிழமை மாலை, அவர் வீட்டில்.

யங்கோனா வேரை முன்னால் வைத்து முறைப்படிதான் கேட்டேன். எடுத்துக்கொண்டார். கைதட்டினார். பிறகு பாயைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"டீச்சர், புள்ளைங்களுக்குப் பள்ளிக்கூடம் வேணும், ஒத்துக்கறேன். கடலுக்கும் பள்ளிக்கூடம் போற கடமை இருக்கா?"

"இல்ல சித்தப்பா."

"அதுவும் துக்கத்துலதான் இருக்கு. அதைக் கொஞ்ச நாள் விடேன். அவர் நாப்பது வருஷம் பார்த்துக்கிட்ட கடல்."

"சிப்பி செத்துப் போயிடும்."

"செத்தவங்களுக்காகத்தானே மூடியிருக்கோம்" என்றார். கோபமில்லை. அவரும் தூங்கிப் பல நாள் ஆனவர்போல இருந்தார். நான் வாதாடவில்லை. நான் இந்த ஊர்க்காரி. அவர் சொன்னதில் பாதியாவது எனக்கும் அப்படித்தான் படுகிறது. மீதிப் பாதி கூண்டுக்குள் இருக்கிறது.

கடல் பாடத்தைக் கரையிலிருந்து நடத்துகிறேன். மூடுவதற்கு முன்பே பிள்ளைகள் வர்ணம் அடித்து நட்ட கம்பு ஒன்று தண்ணீரில் நிற்கிறது. ஏற்றத்தில் சிவப்புவரை, வற்றத்தில் மஞ்சள்வரை. அதைத் தூரத்திலிருந்து படித்துக் குறிக்கிறோம். சிரட்டைகளில் கடல்நீர் காயவைத்து உப்பெடுத்தோம். அதற்குத் தண்ணீர் படகுத்துறைப் பக்கத்திலிருந்து. வெள்ளிக்கிழமை அவரவர் சிப்பியை நினைவிலிருந்து வரையச் சொன்னேன். வாசிதி பச்சை வண்ணக்கட்டி தேய்ந்துபோகும்வரை வரைந்துவிட்டு, "டீச்சர், நாம படம் வரையறப்போ நத்தை சாப்பிடுதுல்ல?" என்றாள். ஆமாம் என்றேன். வேறென்ன சொல்ல?

உன் கடிதத்தை வழக்கம்போல வாசித்துக் காட்டினேன். பன்றி தின்னும் இடத்தில் வகுப்பு உருண்டு சிரித்தது. இறப்புக்குப் பிறகு இந்த ஊரில் நான் கேட்ட முதல் சத்தமான சிரிப்பு. வாசிதியின் இரட்டைப் பிறப்பு லிட்டியா, 'தம்பு உங்களுக்குத்தான்' என்ற வரியை மறுபடி வாசிக்கச் சொன்னாள். வாசித்தேன்.

உன் இளைஞர்களுக்கு எழுத வேண்டியது: அவருக்கு நாற்பத்தெட்டு அல்ல, ஐம்பத்தொன்று.

விலிமைனா

*

நகோரோவுசா மாவட்டப் பள்ளி
18 ஜூன் 1997

மதிப்புக்குரிய திரு. பெதெலி அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் 21 மே தேதியிட்ட கடிதம் எங்கள் ஐந்தாம், ஆறாம் வகுப்பில் வாசிக்கப்பட்டது. அதன் விளைவாக, சனிக்கிழமை 14 ஜூன் அன்று எங்கள் மாணவியர் இருவர் மூடப்பட்ட கடலில் இறங்கிச் சிப்பிக் கூண்டுகளைச் சுத்தம் செய்துள்ளனர். மாணவியரின் தாயார் தங்கள் ஊரான நதோகோவைச் சேர்ந்தவர். ஆகவே தாமும் தௌவு என்றும், தம்பு தம்மைக் கட்டாது என்றும் அவர்கள் கருதியுள்ளனர்.

இது குறித்து ஊர்ப் பெரியவர்களும் பள்ளிக் குழுவும் கூடிப் பேசி முடிவெடுத்துள்ளனர். பள்ளிக்கும் பொரிப்பகத்துக்கும் இடையிலான இந்தச் செயல்திட்டம் நிறுத்தப்படுகிறது. இதுவரை தாங்கள் அளித்த ஒத்துழைப்புக்கு நன்றி.

தங்கள் உண்மையுள்ள,
விலிமைனா
பொறுப்புத் தலைமையாசிரியர்

*

பொரிப்பகம்
25 ஜூன் 1997

ஏ ஓட்டைப் படகே, பூசணம் பிடித்த மரவள்ளியே, கிழிந்த வலையே,

போதுமா? இன்னும் வேண்டுமானால் இருக்கிறது. நீ திருப்பித் திட்டும்வரை நிறுத்த மாட்டேன்.

இருபத்தாறு வருடமாக நாம் எழுதிக்கொள்கிறோம். ஆசிரியப் பயிற்சிக் கல்லூரி உணவுக்கூடத்தில் என் தட்டிலிருந்த மீன்தலையை நீ எடுத்துத் தின்ற நாளிலிருந்து. என்னை நீ செருப்பு என்று எழுதியிருக்கிறாய், ஓணான் என்று எழுதியிருக்கிறாய். 'மதிப்புக்குரிய' என்று எழுதியதில்லை. அந்த வார்த்தையைப் பார்த்ததும் தொட்டி விளிம்பில் உட்கார்ந்துவிட்டேன். இங்குள்ள இளைஞன், "என்ன தாத்தா, சாவுச் செய்தியா?" என்று கேட்டான். ஏறக்குறைய, என்றேன்.

தவறு என்னுடையது. உன்னைச் சிரிக்கவைக்க எழுதினேன். அந்தப் பெண்களின் அம்மா லுசியானா எங்கள் ஊரிலிருந்து உங்கள் ஊருக்கு வாழ்க்கைப்பட்டவள் என்பது எனக்குத் தெரியும். அவள் கல்யாணத்தில் பாய் சுமந்தவன் நான். அவள் பெண்கள் உன் வகுப்பில் இருப்பதும் தெரியும். ஆனால் அந்த இரண்டையும் சேர்த்துப் பார்க்க என் புத்திக்குத் தோன்றவில்லை. பத்து வயதுப் பிள்ளைக்குத் தோன்றிவிட்டது.

அந்தப் பெண்களின் கணக்கு தப்பு என்று எப்படிச் சொல்வேன் என்றும் யோசித்துப் பார்த்தேன். அப்பன் ஊர்தான் அவர்கள் ஊர். ஆகவே தம்பு கட்டும். அது சரி. ஆனால் அம்மா வழியில் அவர்கள் எங்களுக்கு மருமக்கள். எங்கள் ஊரில் வந்து எதையும் எடுக்கும் உரிமை உள்ளவர்கள். எங்கள் உரிமையையும் எடுத்துக்கொண்டார்கள் போலிருக்கிறது.

பள்ளிக் குழு என்ன முடிவெடுத்தது? 'செயல்திட்டம் நிறுத்தம்' என்பதோடு முடிந்ததா? நீ முழுதாக எழுதவில்லை. எனக்கு நம்பிக்கை வார்த்தை வேண்டாம்.

நான் வருகிறேன்.

பெதெலி

*

நகோரோவுசா
3 ஜூலை 1997

பெதெலி,

வராதே. திட்டவும் தெம்பில்லை.

கேட்டதால் நடந்ததை எழுதுகிறேன். நான் கண்ணால் கண்டது மட்டும்.

ஜூன் பதினாறு, திங்கட்கிழமை, முதல் மணி அடித்ததும் லிட்டியாவும் வாசிதியும் ஒரு பால்டின்னை என் மேசையில் வைத்தார்கள். உள்ளே நத்தைகள். "எல்லாக் கூண்டும் பார்த்தாச்சு டீச்சர். எங்க வரிசைல ஒண்ணுகூட சாகல." வகுப்பு முழுக்க எழுந்து வந்து மேசையைச் சூழ்ந்தது. நான் என்ன செய்தேன் தெரியுமா? வழக்கம்போல ஒவ்வொன்றாக எடுத்து வைத்து எண்ணினேன். வழக்கம்போலப் பலகையில் தேதியும் நத்தைகளின் தொகையும் எழுதினேன். சுண்ணக்கட்டியைக் கீழே வைக்கும்போதுதான் உறைத்தது, கடல் மூடியிருக்கிறது என்று. சனிக்கிழமை ஊரே பாய்களைச் சுமந்துகொண்டு துக்க வீட்டுக்குப் போயிருந்த நேரத்தில் இறங்கியிருக்கிறார்கள்.

அழித்திருக்கலாம். பிள்ளைகள் இருபத்து மூன்று பேரும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அழிக்கவில்லை.

மதியம் எரோனி சித்தப்பா வந்தார். கதவருகே நின்று பலகையை வாசித்தார்.

"இது உன் கையெழுத்துதானே?"

"ஆமா சித்தப்பா."

"புள்ளைங்க செஞ்சா அது புள்ளைங்க செஞ்சது. நீ எழுதிப் போட்டா அது பள்ளிக்கூடம் செஞ்சது."

வாசிதி எழுந்து, "நாங்க தௌவு தாத்தா! அம்மா வழியில!" என்றாள். அவர் அவளைப் பார்க்கவே இல்லை. "நீ என் தம்பி பேத்தி. தௌவுன்னா இந்நேரம் உன்னைப் பார்த்துச் சிரிச்சிருப்பேன். சிரிப்பு வரலையே" என்று சுவரைப் பார்த்துச் சொன்னார். அந்தப் பெண் அன்றிலிருந்து வகுப்பில் பேசுவதில்லை.

இரட்டையரின் அப்பா யங்கோனாவோடு போய் மன்னிப்புக் கேட்டார், ஏற்றுக்கொண்டார்கள். நானும் போனேன். என்னுடையதையும் ஏற்றுக்கொண்டார்கள். அதற்குப் பிறகுதான் பள்ளிக் குழு கூடியது. மூன்றாம் பருவத்துக்கு வேறு ஆசிரியர் வேண்டும் என்று கல்வி அலுவலகத்துக்கு எழுதிவிட்டார்கள். கையெழுத்திட்டவர்களில் என் கூடப்பிறந்த அண்ணனும் ஒருவன். "உன்மேல கோவம் இல்ல விலி. ஊர் வாய் மூடணும்ல" என்றான். கோபம் இருந்திருந்தால்கூடப் பரவாயில்லை.

நான் இந்த ஊரில் பிறந்தவள். பதினான்கு வருடம் மற்ற தீவுகளில் வேலை பார்த்து, கேட்டுக் கேட்டு இங்கே மாற்றல் வாங்கியவள். இந்த ஒரு வகுப்பையாவது, சிப்பிகளைத் திட்டில் விடும் நாள்வரை, கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும் என்று இருந்தேன். வேறு ஆசை இல்லை.

இரட்டையர் இறங்கியதற்குப் பிறகு யாரும் கூண்டுப் பக்கம் போகவில்லை. வலை மறுபடி பச்சையாகிவிட்டது; வற்றத்தில் கரையிலிருந்தே தெரிகிறது.

விலிமைனா

*

பொரிப்பகம்
24 ஜூலை 1997

திருட்டுக் கொடுத்த ஊரின் தூங்குமூஞ்சி வாத்தியாருக்கு,

உறுதியானது: உங்கள் ஆறு கூண்டுகளும் இங்கே வடக்குத் திட்டில், இரண்டு ஆள் ஆழத்தில் இருக்கின்றன. சொல்வது திருடன்.

நீ வராதே என்றும் வந்தேனே, திரும்பப் படகில் ஏறுமுன் உன்னோடு நாலு வார்த்தை பேச நினைத்தேன். நீ பிள்ளைகளைப் பிடித்து நிறுத்துவதிலேயே இருந்தாய். ஆகவே இதை எழுத்தில் வாங்கிக்கொள்.

எங்கள் ஊர்ச் சார்பில் திமிங்கிலப் பல் வைத்து முறைப்படி துக்கம் கேட்டபோது நான் நடிக்கவில்லை. இறந்துபோன உங்கள் பெரியவர் நல்ல மனிதர். பிப்ரவரியில் நான் சிப்பி கொண்டுவந்தபோது, முதல் குஞ்சை அவர் கையில்தான் வைத்தேன். "இது வளர்றதுக்குள்ள நான் போயிடுவேன்டா, திருட்டுப் பயலே" என்றார். அது நினைவு வந்து, பேச வேண்டியதைப் பாதியில் விட்டுவிட்டேன். எரோனிதான் எடுத்து முடித்தார்.

துக்கம் கேட்டு முடித்து எழுந்த பிறகுதான் தௌவுக்காரனாக மாறினேன். பன்றியைப் பிடிக்க நான் ஓடிய ஓட்டத்தை இங்கே சொன்னால் யாரும் நம்புவதில்லை. முழங்கால் வீங்கி இரண்டு நாள் படுத்திருந்தேன். கடலில் இறங்கும்போது பயந்தேன். என் அப்பா காலத்திலும் யாரும் தௌவு உரிமையில் மூடிய கடலில் இறங்கியதாகக் கேட்டதில்லை. தண்ணீர் இடுப்புக்கு வந்தபோது, கரையிலிருந்து ஒரு சத்தமும் இல்லை. செத்தேன் என்று நினைத்தேன். அப்புறம் ஒரு சின்னக் குரல், "திருடன்! நொண்டித் திருடன்! முழங்காலைப் பாரு!" என்று கத்தியது. யார் அது? அதற்குப் பிறகு ஊரே கத்தத் தொடங்கியது. அந்தக் கத்தலைப் பிடித்துக்கொண்டுதான் நானும் கூட வந்த எங்கள் ஊர்க்காரர்களும் ஆறு கூண்டையும் படகுக்குக் கொண்டுபோனோம்.

இனிச் சிப்பிக் கணக்கு. நல்ல செய்தி அல்ல. இரட்டையரின் இரண்டு வரிசையும் ஏறக்குறைய முழுதாகப் பிழைத்திருக்கின்றன. சொந்த வரிசையை நன்றாகத்தான் பொறுக்கியிருக்கிறார்கள். மற்றவர்கள் வரிசையில் பாதிக்கு மேல் வெறும் ஓடு. அபிசாய், கெலேரா, சிறியவள் சலோத்தே, மூவருக்கும் ஒன்றுகூட இல்லை. இதை நீதான் அவர்களிடம் சொல்ல வேண்டும். என்னால் மாற்றி எழுத முடியவில்லை.

பிள்ளைகள் பெரியவர் பெயர் வைத்த சிப்பி, எல்லாவற்றிலும் பெரியது, இறந்துவிட்டது. அதன் ஓடு இரண்டையும் கழுவி இத்துடன் அனுப்புகிறேன். எரோனியிடம் கொடு. அவர் வேண்டாம் என்றால் நீ வைத்துக்கொள்.

மிஞ்சியவற்றை ஆகஸ்ட் இருபதாம் தேதி புதன் படகில் நானே கொண்டுவருவேன். பொரிப்பகப் படகின் இயந்திரம் உங்கள் பன்றியின் கனத்தால் கெட்டுப்போனது என்று அதிகாரிக்கு எழுதியிருக்கிறேன்.

உன் இடமாற்றம் என்ன ஆயிற்று?

பெதெலி

*

நகோரோவுசா
6 ஆகஸ்ட் 1997

நொண்டித் திருடனுக்கு,

உறுதியானதை முதலில். இன்று காலை நர்ஸின் வானொலித் தொலைபேசியில் கல்வி அலுவலக எழுத்தரோடு பேசினேன். பள்ளிக் குழுவின் முதல் கடிதம் கிடைத்து, கோப்பில் சேர்ந்து, மேலே போய்விட்டது. என்னை இங்கேயே விட்டுவைக்கச் சொல்லி எரோனி சித்தப்பா எழுதிய இரண்டாவது கடிதம் இன்னும் எழுத்தர் மேசைக்கு வரவில்லை.

ஆமாம், இரண்டாவது கடிதம். நீ போன அன்று மாலை யங்கோனாக் கிண்ணத்தைச் சுற்றிப் பெரியவர்கள் பேசியதைக் கதவுக்கு வெளியே இருந்து கேட்டேன். என் அண்ணன்தான் தொடங்கினான்.

"வீட்டுலேர்ந்து எடுக்கலாம், தோட்டத்துலேர்ந்து எடுக்கலாம். மூடின கடல்லேர்ந்து தௌவு எடுத்ததா யாராவது கேட்டிருக்கீங்களா?"

யாரும் கேட்டதில்லை.

எரோனி சித்தப்பா கிண்ணத்தைக் குடித்து முடித்து வைத்தார். "அவன் கடலுக்குள்ள எங்கடா போனான்? நம்ம வீட்டுக்குள்ள வந்து திருடினான். கடல் நம்ம வீடுதானே?"

"நீங்க பாத்தீங்களா சித்தப்பா?"

"நான் எங்க பாத்தேன். நான் மலையைப் பாத்துக்கிட்டு நின்னேன்."

அப்போது யாரோ சிரித்தார்கள். அவரும் சிரித்தார். தலைவர் இறந்த பிறகு அவர் சிரித்ததை நான் கேட்டது அன்றுதான். இருந்தாலும் விஷயம் முடியவில்லை. நீ செய்தது முறையா தவறா என்பதை நூறாம் இரவு விருந்தில் எல்லாக் குலத்தாரும் கூடிப் பேசுவார்கள். தவறு என்று முடிவானால் உன் ஊர் இன்னொரு திமிங்கிலப் பல் கொண்டுவர வேண்டியிருக்கும். இப்போதே தேடி வை.

ஓடுகளைக் கொடுத்தேன். எதுவும் கேட்காமல் வாங்கிக்கொண்டு போனார். மறுநாள் பார்த்தேன்: பெரியவரின் சமாதித் தலைமாட்டில், மணலில் நிமிர்த்தி வைத்திருந்தார்.

இறந்த சிப்பிகளின் செய்தியைத் திங்கட்கிழமை வகுப்பில் சொன்னேன். உன் கடிதத்தை வாசிக்கவில்லை. இனி வாசிப்பதாக இல்லை. பெயர் பெயராகச் சொன்னேன். அபிசாய் மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டான். சலோத்தே, "என் நத்தை நல்லா சாப்பிட்டிருக்கு" என்று மட்டும் சொன்னாள்.

லிட்டியாதான் எழுந்தாள். தன் சிப்பி வரிசையின் படத்தைக் கொண்டுபோய் கெலேராவிடம் கொடுத்து, "முதல் பாதி நீ எடுத்துக்கோ" என்றாள். கெலேரா, "குடுத்தா வேணாம்" என்றாள். உடனே வாசிதி, ஏழு வாரமாக வகுப்பில் பேசாத வாசிதி, "அப்ப திருடிக்கோடி, மொசுமொசு மூக்கு!" என்று கத்தினாள். கெலேரா படத்தைப் பிடுங்கிக் கிழித்துப் பாதியை வைத்துக்கொண்டாள். இப்போது இரட்டையரின் வரிசைகள் வகுப்பு முழுவதும் திருடப்பட்டுவிட்டன. யாருக்கு எந்தச் சிப்பி என்று எனக்கே தெரியவில்லை. நீ கொண்டுவரும்போது அடிதடி நடக்கும். முறைப்படி அவர்களில் ஒருவரும் ஒருவருக்கொருவர் தௌவு இல்லை. எரோனி சித்தப்பாவிடம் நான் சொல்லப் போவதில்லை.

கரையிலிருந்து உன்னை முதலில் நொண்டித் திருடன் என்று கத்தியது யார் என்று கேட்டாய். பிள்ளைகளில் யாரும் இல்லை. சின்னக் குரல் என்று உனக்குத் தோன்றியது எனக்குத் தொண்டை கட்டியிருந்ததால். மற்றபடி உனக்குக் காதும் போய்விட்டது.

மேலும் எழுத இருந்தேன். விளக்கு மங்குகிறது, விடைத்தாள்கள் கிடக்கின்றன. பருவம் முடியப் போகிறது. பருவத்துக்கு முன்னால் நான் முடிந்துவிடுவேன்போல இருக்கிறது.

தெரியாதவை இவை. முறையா தவறா என்பது பத்தொன்பதாம் தேதி, செவ்வாய் இரவு தெரியும். இடமாற்ற உத்தரவு இருந்தால் அது மறுநாள் தபால் பையில் வரும் என்றார் எழுத்தர். வந்தால் அதே படகில் ஏறிவிடச் சொல்வார்கள், புது ஆசிரியருக்கு வீடு வேண்டும். அதே படகில்தான் நீ சிப்பிகளைக் கொண்டுவருகிறாய். படகு துறையில் ஒரு மணி நேரம் நிற்கும். அன்று நண்பகலில் வற்றம். கம்பில் மஞ்சள்வரை இறங்கும் என்று பிள்ளைகள் கணக்குப் போட்டிருக்கிறார்கள்.

தபால் பையைக் கடைசியாக இறக்கச் சொல். முதலில் கூண்டுகள்.

விலிமைனா